சத்தத்துக்கு ஒரு மார்க்

எங்கள் வார்டில் சத்தத்துக்கு ஒரு மார்க் உண்டு. பள்ளிக்கூடத்தில் மார்க் ஏறினால் மிட்டாய் கொடுப்பார்கள். இங்கே ஏறினால் ஊசிதான்.

நாகர்கோவிலிலிருந்து மேற்கே போகும் சாலையில் ஒரு மருத்துவமனையின் மாடியில் இருக்கிறது ஆண்களுக்கான மனநல வார்டு. நான் அங்கே நர்ஸ். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொரு நோயாளியையும் பார்த்து ஒரு சீட்டில் குறிக்கவேண்டும். ஆள் குழம்பிப்போயிருக்கிறாரா, எரிந்து விழுகிறாரா, சத்தம் போடுகிறாரா, வாயால் மிரட்டுகிறாரா, கையை ஓங்குகிறாரா, சாமான்களைத் தூக்கி எறிகிறாரா. ஆமென்றால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். மொத்தம் மூன்றைத் தொட்டால் டாக்டருக்கு போன் போகும். முதலில் பேசிப் பார்ப்போம். கேட்காவிட்டால் ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் பக்கத்து அறையில் கட்டிலோடு துணியால் கட்டிப்போடுவோம். கட்டுவது என்ற சொல்லை வெளியே சொல்லக்கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் சொல்லுவேன். கட்டுகிற கை என்னுடையதுதானே.

அந்தச் சீட்டைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது வருவதற்கு முன்னால் யாரை எப்போது கட்டுவது என்பதை அன்றைக்கு டியூட்டியில் இருந்தவரின் மனநிலைதான் தீர்மானித்தது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் டியூட்டி பார்த்தால் வார்டில் இரண்டு பேர் கட்டுண்டு கிடப்பார்கள். என் மணிக்கட்டு ஒருமுறை உடைந்திருக்கிறது. மழைக்காலத்தில் இன்றும் வலிக்கும். அடி விழுவதற்கு முன்னால் அதற்கு அடையாளம் தெரியும், உற்றுப் பார்த்தால் போதும் என்று எங்கோ ஒரு குளிர் நாட்டில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். குறை சொல்லுகிறவர்கள் எங்கள் வார்டுக்கு வந்து ஒரு வேளை சோறு பரிமாறிப் பார்க்கட்டும்.

ஆனால் அந்த நாட்டில் நோயாளியின் மனைவி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பதில்லை போலிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் கால் உடைந்தாலும் மனம் உடைந்தாலும் ஆள் தனியாக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. கூட ஒருவர் வருவார். பாய், பிளாஸ்க், வாளி, மாற்றுத்துணி எல்லாம் அவர் கையில் இருக்கும். அவருக்கு பைஸ்டாண்டர் என்று பெயர். மாத்திரை வாங்கப் போவது, குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அவர் வேலை. அவர் இல்லாவிட்டால் அட்மிஷனே கிடையாது. நர்ஸ் அடிபடாமல் இருக்க மணி உண்டு, பயிற்சி உண்டு, கதவுப் பக்கம் முதுகை வைத்து நிற்கவேண்டும் என்ற விதி உண்டு. பைஸ்டாண்டருக்கு ஒன்றும் கிடையாது. அவரைப் பற்றி அந்தச் சீட்டில் ஒரு சொல்கூட இல்லை.

அந்த மீனவர் வந்த அன்று, ஆளுக்கு முன்னால் குரல் வந்தது. மணவாளக்குறிச்சிக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊர். கீழே ஜீப் நின்றதுமே மாடியில் இருந்த எங்களுக்குக் கேட்டது. "என்னய எங்கல கொண்டு போறிய? வலை நனஞ்சு கெடக்கு!" அதற்குப் பின்னால் அவர் மனைவியின் குரல். அது அவருடையதைவிடப் பெரியது. தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் ஊர் ஊராக விற்கிற பெண். அவள் ஜங்ஷனில் நின்று "சாளே" என்று கூவினால் அடுத்த தெருவில் சட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் குரலில் அவள் அவரை வைதுகொண்டும் அழைத்துக்கொண்டும் அழுதுகொண்டும் படியேறி வந்தாள்.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் சுசீந்திரம் பக்கத்து வயற்காட்டு ஊர்க்காரர். வேலையில் சுத்தமானவர், பொய் எழுதமாட்டார். அன்று அவர் சீட்டில் சத்தம் என்ற இடத்தில் ஒன்று போட்டார், எரிச்சலுக்கு ஒன்று போட்டார், குழப்பத்துக்கும் போட்டார். மூன்று. ஊசி போயிற்று. அதில் தவறு சொல்ல எனக்கு வாய் இல்லை. மனிதர் அன்று உண்மையிலேயே நிலைகொள்ளாமல்தான் இருந்தார்.

ஆனால் மருந்து வேலைசெய்து ஆள் தெளிந்த பிறகும் குரல் இறங்கவில்லை. இறங்காது. நானும் கடற்கரையில் பிறந்தவள்தான். எங்கள் ஊரில் அலைச்சத்தத்துக்கு மேல் பேசினால்தான் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்கும். வள்ளத்தில் எஞ்சின் ஓடும்போது முன்னால் நிற்பவனிடம் ஒரு சொல் சொல்லவேண்டுமென்றால் நெஞ்சைக் கிழித்துத்தான் சொல்லவேண்டும். அந்தக் குரல் கரைக்கு வந்தாலும் கூடவே வரும். நர்சிங் படிக்கப்போனபோது ஹாஸ்டலில் நான் தண்ணீர் கேட்டால்கூடச் சிரிப்பார்கள். "ஏலம் போடாத பிள்ளே" என்பார் வார்டன். ஒரு வருடம் அழுது அழுது குரலைக் குறைத்துக்கொண்டேன். இப்போது எனக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு குரல், அம்மா வீட்டுக்கு ஒரு குரல். ஊருக்குப் போகிற பஸ்ஸில் கடல் காற்று முகத்தில் படும்போதுதான் இரண்டாவது குரல் திரும்பி வரும்.

மீனவர் வந்த மறுநாளே டாக்டர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். இளவயது, பொறுமையானவர். "அம்மா, இது சின்ன வார்டு. இவரு யாரையாவது அடிச்சார்னா எங்களால வச்சுப் பாக்க முடியாது. திருநெல்வேலி தாண்டி ஒரு காப்பகம் இருக்கு, அங்கதான் அனுப்பணும். அங்க கூட யாரும் தங்க முடியாது" என்றார்.

அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. "நான் இல்லாம அவரு ஒரு வாய் தின்னமாட்டாரு டாக்டரே. அங்கன விட்டா பட்டினி கெடந்தே செத்துப்போவாரு" என்றாள்.

அது வெறும் பேச்சல்ல. சாப்பாட்டில்தான் அவருடைய நோய் வந்து உட்கார்ந்திருந்தது. வீட்டில் மாத்திரை சாப்பிட மறுத்த நாட்களில் அவள் அதைப் பொடித்துச் சாளைக் குழம்பில் கலந்து கொடுத்திருக்கிறாள். எத்தனையோ வீடுகளில் செய்வதுதான். ஒருநாள் அவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு உலகமே தன் சோற்றில் விஷம் வைக்கிறது என்றாகிவிட்டது. அதனால் தினமும் மதியம் வார்டில் ஒரு கூத்து நடக்கும். அவள் கிழங்கும் மீன்குழம்பும் எடுத்து வைப்பாள். அவர் கத்துவார். "நீ முதல்ல தின்னு! நான் பாக்கட்டு!" அவளும் விடமாட்டாள். "தின்னுதேன், கண்ண நல்லா முழிச்சுப் பாத்துக்கிடும்! நான் செத்தா நீரே அடக்கம் பண்ணும்!" என்று கத்திக்கொண்டே ஒரு கை அள்ளி வாயில் போடுவாள். மென்று, விழுங்கி, வாயைத் திறந்து காட்டுவாள். அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு தட்டை இழுத்து, மிச்சம் வைக்காமல் தின்பார். மற்ற கட்டில்காரர்கள் சிரிப்பார்கள். அந்தச் சண்டை முடிந்தால் எனக்கும் பசியெடுக்கும்.

சீட்டில் அதற்கு தினமும் மார்க் விழுந்தது. நான் இருக்கும் ஷிப்டில் சத்தத்துக்குப் பூஜ்யம், மற்றவர்கள் ஷிப்டில் ஒன்று. ஒரே மனிதர், ஒரே நாள். வாரக் கூட்டத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் இதை எடுத்தார். எடுத்தது சரிதான். நான் கொஞ்சம் சூடாகவே பேசினேன்.

"அது அவங்க பேசுத விதம். கடப்புறத்துக்காரங்க அப்பிடித்தான் பேசுவோம். எங்க வீட்டுக்கு வாங்க, எங்கம்மா சாப்பிடச் சொல்லும்போது நீங்க ஓடியே போயிருவீங்க" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுதது சரி சிஸ்டர். அவருக்குச் சத்தத்தைக் கணக்குல எடுக்கவேண்டாம். ஆனா அதை விட்டா, இவருக்கு மோசமாகுதுன்னு நமக்கு எதை வச்சுத் தெரியும்?" என்று கேட்டார்.

பார்ப்போம் என்று கூட்டம் கலைந்தது.

கூட்டத்தில் முடிவானது எல்லா ஷிப்டுக்கும் போய்ச் சேருவது அவ்வளவு எளிதல்ல. விடுமுறையில் போனவர்கள் உண்டு, புதிதாக வந்தவர்கள் உண்டு. நான் லீவில் இருந்த ஒரு நாளில் மதியச் சண்டை வழக்கத்தைவிட நீண்டிருக்கிறது. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தியிருக்கிறார். புதிய நர்ஸ் பயந்து மணியை அடித்தாள். ஊசி போட்டுக் கட்டினார்கள். மறுநாள் நான் வந்தபோது அவர் மணிக்கட்டுகளில் துணியின் தடம் இருந்தது. அவள் அந்தத் தடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் கேட்டாள்.

"சிஸ்டரே, அவரு ஆரையும் அடிக்கல்லியே. ஒச்சதான போட்டாரு?"

"ஆமா, சத்தம் மட்டுந்தான்."

"ஒச்ச போட்டா இவிய எழுதுதாவ. எழுதினா ஊசி வருது. அப்பிடித்தான?"

நான் விளக்க முயன்றேன். அது மட்டுமில்லை, இன்னும் ஐந்து விஷயங்கள் பார்ப்போம் என்றேன். ஆனால் அவள் கடற்கரையில் ஏலம் பார்த்து வளர்ந்தவள். ஏலக்காரன் கண்ணிமைத்தாலே விலை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்கிறவள். எங்கள் பேனா எப்போது சட்டைப்பையிலிருந்து வெளியே வருகிறது என்பதை அவள் நாள்தோறும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவள் கண்டுபிடித்தது பெரும்பாலும் உண்மைதான். அதனால் என் விளக்கம் அவள் காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து பாடம் ஆரம்பித்தது. மருந்துத் தட்டோடு நான் போகும்போதெல்லாம் கேட்கும். "பைய. பையப் பேசுங்க. ஒச்ச போட்டா காப்பகத்துக்குக் கொண்டு போயிருவாவ. பொறவு நான் வரமுடியாது, கேட்டியளா." குழந்தைக்குச் சொல்வதைப் போல அவர் கன்னத்தைப் பிடித்துச் சொல்லுவாள். அவர் குரல் உயர்ந்தால் உடனே விரலை உதட்டில் வைப்பாள். சொல்லிக்கொடுக்கிறவள் தானும் கத்தக்கூடாதே. அதனால் அவளும் குரலைக் குறைத்தாள். எனக்கு ஒரு வருடம் ஆனது, அவளுக்கு அவ்வளவு நாள் தேவைப்படவில்லை. ஜங்ஷனில் நின்று கூவுகிற அந்தப் பெண் எங்கள் வார்டில் காற்றுக்குக் கேட்காமல் பேசினாள்.

வார்டு அமைதியாயிற்று. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சீட்டில் வரிசையாகப் பூஜ்யங்கள். இன்சார்ஜ் சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு, "நீங்க ரொம்ப நல்ல பைஸ்டாண்டர்" என்று பாராட்டினார். அவள் வெட்கப்பட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட அன்று அவள் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை.

எனக்குத்தான் என்னவோ சரியில்லை. எதனால் என்று இரண்டு மூன்று நாள் பிடிபடவில்லை. பிறகு ஒரு மதியம் பிடிபட்டது. அவர் "நீ முதல்ல தின்னு" என்று சொல்வதை நிறுத்தியிருந்தார். அந்தக் கேள்வியைக் கத்தாமல் கேட்க அவருக்குத் தெரியவில்லை. அதனால் கேள்வியே போய்விட்டது. கேள்வி போனதால் அவள் தின்று காட்டுவதும் நின்றுவிட்டது. அவள் தட்டை வைப்பாள். அவர் சரி என்று தலையாட்டுவார். அவள் கை கழுவப் போவாள், திரும்பி வருவதற்குள் தட்டு காலியாக இருக்கும். படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணை உறைக்குள் கிழங்கும் சோறும் பிசைந்து திணித்திருந்ததை நான்தான் பார்த்தேன். எறும்பு மொய்த்துக் கிடந்தது.

உடனே டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே வந்தார். கட்டில் ஓரமாக உட்கார்ந்து நீண்ட நேரம் பேசினார்.

"சாப்பாட்டுல யாராவது ஏதாவது கலக்குததா இன்னும் தோணுதா?"

"இல்ல டாக்டரே." மெதுவான, பதமான குரல்.

"பின்ன ஏன் தலையணைக்குள்ள வச்சிருக்கீங்க?"

"பசி இல்ல. அவ மனசு சங்கடப்படும்னு ஒளிச்சு வச்சேன்."

யார் கேட்டாலும் நம்புகிற பதில். டாக்டர் முழுக்க நம்பவில்லை. மருந்தைக் கூட்டினார், வீட்டுக்கு அனுப்புவதைத் தள்ளிவைத்தார், கட்டிலை எங்கள் மேசைக்கு அருகே மாற்றச் சொன்னார். அந்தப் பெண்ணிடம், கொஞ்ச நாளைக்கு நீங்கள் வெளியே தங்குங்கள், சோறு நாங்கள் கொடுக்கிறோம் என்றும் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். "எங்க வீட்டுக்காரருக்குச் சோறு கொடுக்க எனக்கு என்ன பயம்?" குறைந்தபட்சம் அவர் கை எட்டாத தூரத்தில், கால்மாட்டில் உட்காருங்கள் என்று நான் கெஞ்சினேன். சரி சிஸ்டரே என்றாள்.

வீட்டுக்குப் போவது தள்ளிப்போனதற்கு அவள் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். எங்கோ, எப்போதோ அவர் குரல் எழும்பியிருக்கிறது, யாரோ எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான். நான் எத்தனையோ முறை இல்லை என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, விரலை உதட்டில் வைப்பதைக் கூட்டினாள்.

அது நடந்தது ஒரு மதியம். நல்ல வெயில். வார்டில் மின்விசிறிகளின் சத்தம்தான் இருந்தது. நான் மேசையில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு உடம்பு துடைப்பதற்காக நடுவில் ஒரு திரையை இழுத்துவிட்டிருந்தார்கள், யாரும் அதைத் திரும்பத் தள்ளவில்லை. திரைக்கு அந்தப்புறம் அவர் கட்டில். எழுந்து நாலடி வைத்தால் எட்டும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தட்டு விழவில்லை, கட்டில் ஆடவில்லை, யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. எங்கள் வார்டில் ஸ்டீல் டம்ளர் கிடையாது, பெல்ட் கிடையாது, கண்ணாடி கிடையாது. வருடக்கணக்கில் வலை இழுத்த கையை மட்டும் வாசலில் வாங்கி வைக்கமுடியாது.

மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு திரையைத் தள்ளினேன். அவர் அவள் கழுத்தை ஒரு கையால் பிடித்துக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியோடு சேர்த்து அழுத்தியிருந்தார். மற்றக் கை மடங்கியிருந்தது. அவளுடைய இடது கண் இருந்த இடத்தில் கண் தெரியவில்லை. வீக்கமும் ரத்தமுமாக இருந்தது. ஒரு அடி அல்ல, பல அடி. அவள் வாய் மூடியிருந்தது. பல்லைக் கடித்து மூடியிருந்தாள். மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்தாள். பார்த்து, ஒரு கையை மெதுவாகத் தூக்கி, விரலை உதட்டில் வைத்தாள்.

எனக்கு. சத்தம் போடாதே என்று எனக்கு.

மணியை அடித்தேன். அட்டெண்டர்கள் ஓடி வந்தார்கள். "கையை எடுங்க" என்றேன். அவர் எடுத்துவிட்டார். திமிறவில்லை, முறைக்கவில்லை. "அவ மருந்து கலந்திருக்கா சிஸ்டரே" என்றார், தண்ணீர் கேட்கிற குரலில். ஊசி போட்டோம். கட்டினோம். ஒரு கையை நான் கட்டினேன், முடிச்சு விழவில்லை, அட்டெண்டர் வாங்கிக் கட்டினார்.

அவளைக் கீழே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சரின் கூடவே நடந்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"சிஸ்டரே, அவரு ஒச்ச போடல்ல. பாத்தியள்லா? ஒச்ச போடல்லன்னு எழுதுங்க."

எழுதினேன். பொய் எழுதச் சொல்லவில்லையே அவள். சம்பவத்துக்கு முன் நோயாளி சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை, அமைதியாக இருந்தார். அன்று காலைச் சீட்டிலும் ஆறு இடத்திலும் பூஜ்யம்தான். இன்சார்ஜ் சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் அவர் தோளில் கைவைத்தேன். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. டாக்டர் செய்யவேண்டியதைச் செய்திருந்தார். இன்சார்ஜ் கண்டதைத்தான் எழுதியிருந்தார். அந்தப் பெண் தன் மனிதரைக் காப்பாற்றப் பார்த்தாள். ஒருவர்மேலாவது குற்றம் இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கன்னத்தெலும்பு உடைந்திருந்தது. இடது கண்ணில் பார்வை இனி வராது என்றார்கள். அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. "அவரு காப்பகத்துக்குப் போவணுமா?" என்று மட்டும் கேட்டாள். வேறு ஆண் பைஸ்டாண்டர் யாராவது வந்து நிற்க முடியுமானால் இங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். அவருடைய தம்பி ஒருவர் கல்ஃபில் மீன்பிடிக்கப் போனவர், வரமுடியாது. இன்னொருவர் ஆழ்கடலில். ஊர்க்காரர்கள் ஒரு நாள் வந்தார்கள், இரண்டு நாள் வந்தார்கள். கடல் அழைக்கும்போது யாரால் இங்கே உட்கார முடியும்? மூன்றாவது நாள் யாரும் வரவில்லை. அனுப்புவதென்று முடிவாயிற்று.

ஆம்புலன்ஸில் துணைக்குப் போகும் நர்ஸ் நான். அவரை உட்காரவைத்து அட்டெண்டர் பக்கத்தில் உட்கார்ந்தார், எதிரே நான். அவர் சுத்தமாகக் குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அமைதியாக இருந்தார். பின்கதவைச் சாத்தும்போது அவள் வந்தாள். பாதி முகத்தில் கட்டு. ஒரு கண்ணோடு படியிறங்கிப் பழகியிராததால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கதவு மூடிவிட்டது. பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. வண்டி மெல்ல உருண்டு வாசலை நோக்கிப் போயிற்று. அவளால் வேகமாக நடக்க முடியவில்லை. வாசற்கம்பத்துக்கு எட்டும் முன்னால் நின்றுவிட்டாள். நின்று, வாயைத் திறந்தாள்.

"அங்கன சோறு தருவாவ! தின்னணும், கேட்டியளா! ஆரும் ஒண்ணும் கலக்கமாட்டாவ! தின்னணும்!"

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த குரல். மருந்துக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். மாடி ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. காவலாளி கையைக் காட்டி அவளை அடக்கப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார். "அங்கன முதல்ல தின்னு காட்ட ஆரு இருக்கா?"

எனக்கு மட்டுமே கேட்டது. வெளியிலிருந்து அவள் கத்தினாள். "என்ன சொல்லுதாரு சிஸ்டரே? அவரு என்ன சொல்லுதாரு?"

வண்டி வாசலைத் தாண்டிச் சாலையில் ஏறிக்கொண்டிருந்தது. பஸ்களின் ஹாரன். நான் ஜன்னலில் தலையை நீட்டினேன். என் ஊர்க் குரல், அலைக்கு மேல் பேசுகிற குரல், ஆஸ்பத்திரிச் சீருடையோடு இருக்கும்போது ஒருநாளும் வராத குரல், தானாக வந்தது.

"சரின்னு சொல்லுதாரு! தின்னுதேன்னு சொல்லுதாரு!"

அவளுக்குக் கேட்டது. தலையை ஆட்டி ஆட்டிக் கையைத் தூக்கினாள். நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். என் கண்கள் நிறைந்துவிட்டன, துடைக்கத் தோன்றவில்லை. அவர் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முன்னால் சாய்ந்து, அக்கறையோடு, விரலை உதட்டில் வைத்தார்.

"ஒச்ச போடாதீங்க சிஸ்டரே," என்றார். "எழுதிருவாவ."